பெயர் மங்கிய ஒரு போதகரைத் தேடிப் பிடிப்பது எப்படி? 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கான முழுமையான வழிகாட்டி

1651 செப்டம்பர். வூஸ்டர் போரில் நாடாளுமன்றப் படையிடம் தோற்றுத் தலைமறைவாகத் திரிந்த அரசர் இரண்டாம் சார்லஸ், டார்செட் கடற்கரையில் உள்ள சார்மத் என்ற சிற்றூர் விடுதியில் ஓர் இரவு தங்கினார். பிரான்ஸுக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய படகு வரவில்லை. மறுநாள் காலை, உடன் வந்த வில்மட் பிரபுவின் குதிரைக்கு லாடம் அடிக்கக் கொல்லரிடம் கொண்டுபோனார்கள். கொல்லர் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். மூன்று கால்களில்தான் லாடம் இருந்தது. மூன்றும் வெவ்வேறு கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், அடித்தவை, அதில் ஒன்று வூஸ்டர்ஷயர் வேலை என்று சொல்லிவிட்டார். விடுதியின் குதிரைக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊர்ப் போதகரின் வீட்டுக்கு ஓடினான். போதகரோ காலை ஜெபத்தில் இருந்தார், அது நீண்டுகொண்டே போனது. அவர் எழுந்து வருவதற்குள் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

அரசரைக் காப்பாற்றிய அந்த நீண்ட ஜெபத்துக்குச் சொந்தக்காரர் யார்? பழைய குறிப்புகளில் 'வெஸ்ட்லி' என்ற ஒற்றைப் பெயர் கிடைக்கிறது. இப்படி ஒற்றைப் பெயராக, ஒரு வரியாக மட்டும் எஞ்சிய போதகர்கள் அந்த நூற்றாண்டில் ஏராளம். அவர்களில் ஒருவரை எப்படி ஆளாக நிறுத்துவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். வெஸ்ட்லியையே கூட அழைத்துப் போவோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைத் தேடாதீர்கள். ஊரையும் ஆண்டையும் தேடுங்கள். பெயர் கடைசியில் தானாக வந்து உட்காரும். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு மூன்று பேரை ஒட்டி, இல்லாத ஒரு மனிதரை உருவாக்கிவிடுவோம். நாலு பேர் பார்த்து எழுதியதும் அந்தப் பொய் மனிதர் நிலைத்துவிடுவார். உண்மையில் வாழ்ந்து, வேலையும் வீடும் போய், அல்லாடிய ஒருவருக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

முதலில், எந்த அலையைச் சேர்ந்தவர்?

இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டதிட்டங்களுக்கு இணங்காதவர்களை இணங்காதோர் என்றார்கள். ஆனால் எதற்கு இணங்க மறுத்தார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியது. எலிசபெத் காலத்தில், 1560-களில், குருவுடை அணிய மாட்டோம் என்றவர்கள் சிக்கினார்கள். 1583-ல் தலைமைப் பேராயர் விட்கிஃப்ட் மூன்று விதிகளில் கையெழுத்துக் கேட்டபோது இன்னொரு கூட்டம். 1604-ஆம் ஆண்டின் திருச்சபை விதிகளுக்குப் பிறகு மற்றொன்று. 1633-ல் லாட் தலைமைப் பேராயரான பிறகு வேறொன்று. 1640-களில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டு எல்லாம் தலைகீழ். அரசருக்கும் பேராயர்களுக்கும் விசுவாசமான குருமார் வெளியேற்றப்பட்டு, அந்த இடங்களில் பியூரிட்டன்கள், அதாவது திருச்சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்றவர்கள், வந்தார்கள். 1660-ல் அரசாட்சி திரும்பியதும் பழைய குருமார் உயிரோடு இருந்த இடங்களில் அவர்களுக்கே பதவி திரும்பக் கொடுக்கப்பட்டது. வந்தவர்கள் வெளியே போனார்கள். 1662-ல் வந்தது பெரிய அலை.

திருச்சபை முழுவதும் ஒரே வழிபாட்டு முறை வேண்டும் என்று அந்த ஆண்டு வந்த ஒருமைப்பாட்டுச் சட்டம்தான் காரணம். அது கேட்டவை இவை. பொது ஜெப புத்தகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மனதார ஒப்புதல் சொல்ல வேண்டும். பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் எடுத்த உடன்படிக்கை உறுதிமொழியைக் கைவிட வேண்டும். கெடு 24 ஆகஸ்ட் 1662, பர்த்தலமேயு திருநாள். போதகரின் வருமானமான தசமபாகம் கைக்கு வரும் மைக்கேல்மஸ், அதாவது செப்டம்பர் 29, அதற்கு ஐந்து வாரம் தள்ளி. ஓர் ஆண்டு உழைத்த கூலி கண்ணெதிரே போனது. 1660-க்கும் 1662-க்கும் இடையில் ஏறத்தாழ 2,000 பேர் பதவி இழந்தார்கள்.

உங்கள் ஆள் எந்த அலையில் போனவர் என்று தெரிந்தால், எந்த ஆவணத்தைத் திறப்பது என்பதில் பாதி முடிந்துவிடும்.

இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்

கையில் உள்ள ஒற்றை வரியை எழுத்துப் பிசகாமல் எழுதி வையுங்கள். 'திருத்தி' எழுத வேண்டாம். அந்தக் காலத்தில் எழுத்துக்கூட்டுக்கு நிலையான விதி கிடையாது. வெஸ்லி, வெஸ்ட்லி இரண்டும் ஒரே குடும்பம்தான். எனவே இணையத் தேடலில் எழுத்துக்கூட்டு நாலைந்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். லத்தீன் பதிவுகளில் ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்' ஆவார், வில்லியம் 'குலியெல்முஸ்' ஆவார்.

பெயருக்கு முன்னும் பின்னும் நிற்கும் சொல்லே பாதி சாட்சி. 'கிளார்க்' என்றால் எழுத்தர் என்று எண்ணிவிடக் கூடாது. அந்நாளில் அது குருவானவரைக் குறிக்கும் சட்டச் சொல். பதவி இழந்தவரை அதிகாரிகள் சில சமயம் 'ஜென்டில்மேன்' என்று மட்டும் எழுதுவார்கள். அவருடைய சொந்த உயிலில் 'சுவிசேஷப் பிரசங்கி' என்று இருக்கும். அதே மனிதர்தான். யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று பாருங்கள்.

'செக்ரட்டரி' என்ற அந்தக் கால எழுத்துமுறையைப் படிக்கப் பழக ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். 'யு'வும் 'வி'யும் இடம் மாறும், 'ஐ'யும் 'ஜே'யும் இடம் மாறும், நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தெரியும்.

பிப்ரவரி எந்த ஆண்டின் பிப்ரவரி?

இந்தப் படியில் இடறாதவர் இல்லை. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25-ல். ஜனவரி 1, பிப்ரவரி 10 எல்லாம் பழைய ஆண்டின் வால். அதனால்தான் கவனமான பதிப்பாளர்கள் 1662/3 என்று இரட்டையாக அச்சிடுகிறார்கள்.

சார்மத் வெஸ்ட்லிக்கு ஜான் என்று ஒரு மகன். அவரும் போதகர். டார்செட்டில் விண்டர்போர்ன் விட்சர்ச் என்ற ஊரில் இருந்து 1662 ஆகஸ்டில் வெளியேற்றப்பட்டார். பிறகு குடும்பத்தோடு கடற்கரையில் உள்ள மெல்கம்புக்குப் போனார். பழைய வரலாற்றில் அந்த இடமாற்றம் பிப்ரவரி 1662 என்று இருக்கும். இன்றைய கணக்கில் படித்தால் பதவி போவதற்கு ஆறு மாதம் முன்பே ஊரை விட்டுப் போனதாக ஆகிவிடும். உண்மையில் அது 1663 பிப்ரவரி. நானும் இந்த வரியை முதலில் படித்தபோது இரண்டு ஜான் வெஸ்ட்லிகள் இருக்கிறார்கள் என்று குறித்து வைத்திருந்தேன். மார்ச் 25 கணக்கு புரிந்த அன்றைக்குத்தான் இருவரும் ஒருவரானார்கள்.

மெல்கம்பில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அவர் குடியேறுவதைத் தடுக்க நகரசபை ஆணை போட்டது. வீடு கொடுத்த வீட்டுக்காரப் பெண்மணிக்கு 20 பவுண்டு அபராதம், ஜானுக்கு வாரம் 5 ஷில்லிங். கைக்குழந்தையோடு வந்த குடும்பத்துக்கு ஊர் கொடுத்த வரவேற்பு அது. இதிலேயே ஒரு துப்பும் இருக்கிறது. நகரசபை ஆணை போட்டிருக்கிறது என்றால், நகரசபைக் குறிப்பேடு என்று ஒன்றைத் தேட வேண்டும்.

ஊர் அன்று யாருக்குக் கீழே இருந்தது?

இன்றைய வரைபடத்தை மடித்து வையுங்கள். டார்செட் இன்று சாலிஸ்பரி திருமண்டலத்தில், அதாவது சாலிஸ்பரி பேராயரின் ஆளுகைப் பகுதியில், இருக்கிறது. 1542 முதல் 1836 வரை அது பிரிஸ்டல் திருமண்டலம். ஆகவே ஜான் வெஸ்ட்லியை விசாரித்தவர் பிரிஸ்டல் பேராயர் கில்பர்ட் அயர்ன்சைட். இது தெரியாமல் சாலிஸ்பரி ஆவணங்களைப் புரட்டினால் மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது.

உயில்களுக்கும் இதே கணக்கு. சொத்து ஒரே திருமண்டலத்துக்குள் இருந்தால் அங்குள்ள நீதிமன்றம். பல இடங்களில் இருந்தால் தெற்கே கேன்டர்பரி தலைமைப் பேராயர் நீதிமன்றம், வடக்கே யார்க். கேன்டர்பரி உயில்களின் படிகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. யார்க் உயில்கள் போர்த்விக் ஆவணக்காப்பகத்தில். 1653 முதல் 1660 வரை மட்டும் நாடு முழுக்க உயில்கள் லண்டனுக்கே வந்தன. எங்கோ வடக்கில் இருந்த போதகரின் உயிலும் அந்தக் காலத்தில் அங்கேதான் இருக்கும்.

கேலமியும் மாத்யூஸும்

1662 அலை என்றால் முதலில் திறக்க வேண்டியது எட்மண்ட் கேலமி தொகுத்த பட்டியல். 1702-ல் முதல் வடிவம், 1713-ல் விரிவு, 1727-ல் தொடர்ச்சி. வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளிடமும் நண்பர்களிடமும் கேட்டுத் திரட்டியது. ஒவ்வொரு கவுண்டியாக, ஒவ்வொரு ஊராக, பறிபோன பெயர்களை எழுதி வைத்தார். அவர் செய்யாவிட்டால் பாதிப் பேருக்குப் பெயரே மிஞ்சியிருக்காது. அதனால் அவர்மேல் எனக்குத் தீராத நன்றி உண்டு. ஆனால் நினைவிலிருந்து வந்த தகவல்களில் ஊர் மாறியிருக்கும், ஒருவரே இரண்டு இடத்தில் வருவார்.

1775-ல் சாமுவேல் பால்மர் அதைச் சுருக்கி மறுபடி வெளியிட்டார். இணையத்தில் எளிதாகக் கிடைப்பது இதுதான் என்பதால் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள். 1934-ல் ஏ. ஜி. மாத்யூஸ் கேலமியை வரிக்கு வரி மூல ஆவணங்களோடு ஒப்பிட்டுத் திருத்தி அகரவரிசையில் தந்தார். கேலமி, பால்மர், மாத்யூஸ் மூன்றும் முரண்பட்டால் மாத்யூஸ் பக்கம் சாயுங்கள், அவர் சுட்டும் ஆவணத்தையும் நீங்களே பாருங்கள்.

மாத்யூஸ் 1948-ல் இன்னொன்றும் செய்தார். 1640-களில் பியூரிட்டன்களால் துரத்தப்பட்ட அரச விசுவாசக் குருமாரின் பட்டியல் அது. இணங்காத போதகரைத் தேடும்போது எதிர்த்தரப்புப் பட்டியல் எதற்கு என்று தோன்றும். உங்கள் ஊரில் 1645-ல் ஒருவர் துரத்தப்பட்டிருந்தால், அந்த நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? நீங்கள் தேடுபவர் அவராக இருக்கலாம்.

பதிவு இல்லாமையும் ஒரு பதிவு

இங்கிலாந்துத் திருச்சபைக் குருமாருக்கென்று இணையத்தில் இலவசமான தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. 1540 முதல் 1835 வரையிலான குருப்பட்டம், நியமனம், பதவி விலகல் பதிவுகள் அதில் உள்ளன. பெயரைவிட ஊரைக் கொடுத்துத் தேடுங்கள். அந்தச் சேகரத்தில், அதாவது ஓர் ஆலயத்தின் கீழ் வரும் பகுதியில், யார் யார், எந்த ஆண்டு, யாருக்குப் பிறகு யார் என்ற வரிசை கிடைக்கும். 1662 கடைசியில் ஒரு புதியவர் நியமிக்கப்பட்டு, காலியான காரணம் 'இணங்காமை' என்று இருந்தால் முன்னவர் உங்கள் ஆள்.

ஆனால் 1640-களின் நடுவில் இருந்து 1660 வரை இந்தத் தளத்தில் பெரிய வெற்றிடம். பேராயர்களே இல்லாத காலம் அது, பதிவேடு எங்கிருந்து வரும்? அந்த இடைவெளிக்கு வேறு கதவுகள் உண்டு. 1650-ல் சேகரங்களை அளவெடுத்த நாடாளுமன்றக் கணக்கெடுப்பு ஒன்று. சம்பள உயர்வு ஆணைகள் மற்றொன்று. 1654 முதல் போதகர்களைச் சோதித்து ஒப்புதல் தந்த குழுவின் பதிவேடுகள் இன்னொன்று. அந்தக் குழுவைச் சுருக்கமாகச் 'சோதிப்போர்' என்றார்கள். இவற்றில் பெரும்பகுதி லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் உள்ளது. ஜான் வெஸ்ட்லி விண்டர்போர்னுக்கு வந்ததே 1658-ல் இந்தக் குழுவின் ஒப்புதலோடுதான்.

அவர் பேராயர் கையால் குருப்பட்டம் வாங்கவே இல்லை. அயர்ன்சைட் கூப்பிட்டு விசாரித்தபோது, எந்த அதிகாரத்தில் பிரசங்கிக்கிறீர் என்பதுதான் கேள்வி. நான் சுவிசேஷம் சொல்ல அனுப்பப்பட்டவன் என்று பதில் சொன்னார் ஜான். அந்த உரையாடலைக் கேலமி முழுதாக அச்சிட்டிருக்கிறார், தேடிப் படியுங்கள். இளைஞர் வேத வசனங்களோடு வாதாட, வயதான பேராயர் கேட்டுக்கொண்டே போகிறார். கடைசியில் உம்மைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்லி அன்போடு அனுப்பிவைக்கிறார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது பட்டியலில் இருந்த பெயருக்குக் குரல் வந்துவிடுகிறது.

இப்படிப்பட்டவரைக் குருப்பட்டப் பதிவேட்டில் தேடினால் வெறுமைதான். அந்த வெறுமை தோல்வி ஆகாது. 1650-களில் வேலைக்கு வந்தவருக்கு அது பொருந்துகிறது. 1630-ல் வேலைக்கு வந்தவருக்குக் குருப்பட்டப் பதிவு இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பல்கலைக்கழகம்

ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஃபாஸ்டர் தொகுத்த 1500–1714 பட்டியல், கேம்பிரிட்ஜுக்கு வென் தொகுத்த பட்டியல். இரண்டும் இணையத்தில் உண்டு. 1662-க்கு முன் படித்தவர் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் இருப்பார். தகப்பன் தகுதியையும் ஃபாஸ்டர் குறிக்கிறார். 'பிளெப்' என்றால் சாதாரணக் குடியானவர் மகன், குருவானவர் மகனுக்குத் தனிக் குறி. கேம்பிரிட்ஜில் 'சைசர்' என்றால் வேலை செய்துகொண்டே படித்த ஏழை மாணவர். 1584-ல் தொடங்கிய இம்மானுவேல் கல்லூரி பியூரிட்டன் நாற்றங்காலாகவே இருந்தது. ஆனாலும் இம்மானுவேலில் படித்தார் என்பதற்காக ஒருவரை இணங்காதவர் என்று எழுதிவிட முடியாது.

வயதையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பெரும்பாலோர் 15 முதல் 18 வயதுக்குள் கல்லூரியில் சேர்ந்தார்கள். 1620-ல் சேர்ந்தவர் 1715-ல் பிரசங்கம் செய்திருக்க முடியாது.

பதவி போன பிறகுதான் தேடலே தொடங்குகிறது

நிறையப் பேர் 1662-ல் கோட்டைப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். என் அனுபவத்தில் ஆள் உண்மையில் பிடிபடுவது அதற்குப் பின்னால்தான். துரத்தியவர்கள் விடாமல் எழுதி வைத்தார்கள்.

1664-ல் வந்த கூடுகைச் சட்டப்படி, வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி வேறு முறையில் வழிபட்டால் குற்றம். 1670-ல் அதைப் புதுப்பித்தபோது போதகருக்கு முதல் முறை 20 பவுண்டு, அடுத்த முறை 40 பவுண்டு என்றும், அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு காட்டிக்கொடுத்தவருக்கு என்றும் வைத்தார்கள். ஆகவே கவுண்டியின் காலாண்டு நீதிமன்ற ஏடுகளில் யார் வீட்டில், எந்த ஞாயிற்றுக்கிழமை, யார் பேசினார் என்று கிடைக்கும்.

1665-ன் ஐந்து மைல் சட்டம் வரைபடத்தில் வட்டம் போடக் கற்றுக்கொடுக்கும். உறுதிமொழி எடுக்க மறுத்த போதகர், தான் ஊழியம் செய்த ஊருக்கோ நகரசபை உள்ள ஊருக்கோ ஐந்து மைலுக்குள் வரக் கூடாது. மீறினால் 40 பவுண்டு. அவர் பழைய ஊரை மையமாக வைத்து ஐந்து மைல் வட்டம் வரையுங்கள், பக்கத்து நகரங்களுக்கும் வரையுங்கள். வட்டங்களுக்கு வெளியே விழும் சிறு கிராமங்களின் பதிவேடுகளை முதலில் பாருங்கள். யார்க்‌ஷயரில் ஆலிவர் ஹேவுட் போன்றவர்கள் அந்தச் சட்டத்தால் மனைவி மக்களை விட்டு அலைந்தார்கள். அவர் எழுதி வைத்த நாட்குறிப்புகளில் அக்கம்பக்கத்துப் போதகர்கள் பலர் வந்துபோகிறார்கள். உங்கள் ஆள் வடக்கத்தியவர் என்றால் அவற்றைத் தவறவிடாதீர்கள்.

1669-ல் தலைமைப் பேராயர் ஷெல்டன் கேட்டு வாங்கிய கூடுகைக் கணக்கு லாம்பெத்தில் இருக்கிறது. 1672-தான் பொற்காலம். மார்ச் 15 அன்று அரசர் இரண்டாம் சார்லஸ் சலுகை அறிவிக்க, போதகர்கள் உரிமம் கேட்டு எழுதினார்கள். உரிமத்தில் பெயர், பிரிவு, எந்த ஊரில் யார் வீடு என்று எல்லாம் இருக்கும். பெட்ஃபோர்டில் ஜான் பன்யனுக்குக் கிடைத்த உரிமம், ஜோசையஸ் ரஃப்ஹெட் என்பவரின் பழத்தோட்டத்து வீட்டுக்கானது. அடுத்த ஆண்டே சலுகை திரும்பப் பெறப்பட்டது, ஆனால் தாள்கள் தங்கிவிட்டன. ஜி. லயன் டர்னர் இவற்றையும் 1669 கணக்கையும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்டார். பிரிவுப் பெயரை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 'பிரெஸ்பிட்டேரியன்' என்பதை எழுத்தர்கள் தாராளமாகப் போட்டார்கள்.

பிழைப்பையும் தேடுங்கள். பலர் பள்ளி நடத்தினார்கள், சிலர் வைத்தியம் பார்த்தார்கள். இரண்டுக்கும் பேராயரின் உரிமம் தேவை. பிரசங்கத்துக்கு வாயடைக்கப்பட்டவர் வைத்தியராக அதே பேராயரின் ஏட்டில் வரக்கூடும்.

குடும்பம்

பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகள் போதகரின் கால்தடங்கள். ஜானின் மகன் சாமுவேலுக்கு விண்டர்போர்ன் விட்சர்ச்சில் ஞானஸ்நானம் 17 டிசம்பர் 1662. பதவி போய் நாலு மாதம் ஆகியும் குடும்பம் அதே ஊரில் இருந்திருக்கிறது. பிப்ரவரியில் மெல்கம்புக்குப் போனது இதோடு அச்சாகப் பொருந்துகிறது. டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்ற அந்தக் குழந்தைதான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தகப்பனார். சென்னை ராயப்பேட்டையிலும் கொழும்பிலும் ஆலயமும் கல்லூரியும் தாங்கி நிற்கும் பெயர், மெல்கம்பில் தங்க வீடு கிடைக்காத ஒருவரின் பெயர்.

மூலப் பதிவேடு தொலைந்திருந்தால், பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய படியைக் கேளுங்கள். உயிலில் புத்தகம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். போதகரின் புத்தகம் பெரும்பாலும் இன்னொரு போதகருக்கோ போதகராகப் போகும் மகனுக்கோதான் போகும்.

ஒரே பெயர், பல ஆட்கள்

எட்மண்ட் கேலமி என்று பெயர் பார்த்தால் எந்தக் கேலமி? 1666-ல் இறந்த தாத்தா, 1685-ல் இறந்த மகன், பட்டியல் தொகுத்த பேரன், மூவருக்கும் ஒரே பெயர். தாத்தாவும் மகனும் 1662-ல் பதவி இழந்தவர்கள். சாமுவேல் கிளார்க்கும் அப்படியே, தகப்பனும் மகனும் ஒரே பெயரில் ஒரே அலையில் போனார்கள்.

நான் செய்வது இது. ஒரு நோட்டில் ஒவ்வொரு செய்தியையும் தனி வரியாக எழுதுவேன்: தேதி, ஊர், என்ன ஆவணம், யார் எழுதியது. இரண்டு வரிகளை ஒரே ஆளுக்குச் சேர்க்க வேண்டுமென்றால் பெயரைத் தவிர இன்னும் இரண்டு இழைகள் வேண்டும். மனைவி பெயர், பழைய ஊர், உறவினர், கையெழுத்து, எதுவானாலும் சரி. அப்புறம் அதை உடைக்கப் பார்ப்பேன். அதே தேதியில் வேறு ஊரில் இருந்தாரா? அடக்கப் பதிவுக்குப் பிறகும் பிரசங்கம் செய்கிறாரா?

தலைப்புப் பக்கத்தில் இரண்டு எழுத்து மட்டும் போட்ட சிறுநூல்களுக்கும் இதே விதிதான். 1640 முதல் 1661 வரை லண்டன் புத்தக வியாபாரி தாமசன் சேர்த்த 22,000-க்கும் மேற்பட்ட வெளியீடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. வாங்கிய தேதியை அவர் பலவற்றில் கையாலேயே எழுதியிருக்கிறார், சிலவற்றில் ஆசிரியர் பெயரையும்.

இப்போது சார்மத்துக்குத் திரும்புவோம்

1651 செப்டம்பரில் ஜெபத்தில் இருந்தவர் எந்த வெஸ்ட்லி? மகன் ஜான் அந்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு நியூ இன் ஹாலில் மாணவர், விண்டர்போர்னுக்கு வர இன்னும் ஏழு ஆண்டு இருந்தது. அவர் இல்லை. சார்மத்தில் அப்போது போதகராக இருந்தது தகப்பன் பார்த்தலமேயு. ஊர் பொருந்துகிறது, ஆண்டு பொருந்துகிறது, பெயர் கடைசியில் வந்து உட்கார்கிறது. பர்த்தலமேயு திருநாளில் கெடு வைத்த சட்டத்தால் வாயடைக்கப்பட்டவருக்குப் பெயரும் அதுவே.

பல்கலைக்கழகத்தில் இறையியலோடு மருத்துவமும் படித்தவர் என்று கேலமி எழுதுகிறார். பதவி போன பிறகு அந்த வைத்தியம்தான் சோறு போட்டது. பேச்சு மிகவும் எளிமையாக இருந்ததால் பிரசங்கியாகப் பெரிய பெயர் எடுக்கவில்லையாம். மகன் இறந்தது அவரை உருக்குலைத்துவிட்டது, அதற்குப் பிறகு நெடுநாள் இருக்கவில்லை என்றும் ஒரு வரி வருகிறது. அந்த வரியையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தகப்பனின் அடக்கம் எந்த ஊர்ப் பதிவேட்டில் கிடைக்கிறதோ, மகனின் அடக்கத்தை அந்தத் தேதிக்கு முன்னால் தேட வேண்டும்.